அப்பாவின் சிறுநீரகத்துக்கு முப்பரிமாண மாதிரி எதற்கு?

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 58 வயது, தக்காளி விவசாயி. வயிற்று வலிக்காக எடுத்த ஸ்கேனில் வலது சிறுநீரகத்தில் 4.5 சென்டிமீட்டர் கட்டி இருப்பது தெரிந்திருக்கிறது. பெங்களூரில் பார்த்த அறுவை மருத்துவர், சிறுநீரகத்தை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் அகற்றப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அதற்கு முன் அப்பாவின் சிறுநீரகத்தைப் போலவே ஒரு முப்பரிமாண மாதிரி செய்து பார்க்க வேண்டும், அதற்குப் புதிதாக ஒரு சி.டி. ஸ்கேன் வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்கள் இதைப் பணம் பிடுங்கும் வேலை என்கிறார்கள். ஓசூரில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "ஸ்கேன் ஃபிலிமைக் கொடு, நானே குறைந்த செலவில் செய்து தருகிறேன்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். ஒரு மருத்துவமனையின் கதிரியக்கத் துறையில் இப்படிப்பட்ட மாதிரிகளைச் செய்து கொடுப்பதுதான் எட்டு ஆண்டுகளாக என் வேலை. அறுவை மருத்துவன் அல்ல. ஆகையால் அப்பாவுக்கு எந்த அறுவை சரி என்று நான் சொல்லப்போவதில்லை. மாதிரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மருத்துவர் கேட்டது நியாயமானது. புதிய ஸ்கேன் கேட்டதும் பெரும்பாலும் நியாயமானதே. ஃபிலிமை வைத்து நண்பரால் எதுவும் செய்ய முடியாது. பிளாஸ்டிக்கில் அச்சிட்ட மாதிரி கட்டாயம் வேண்டுமா என்பது தனிக் கேள்வி. உங்கள் அப்பாவின் விஷயத்தில் அது தேவைப்படாமலும் போகலாம்.

முதலில் அந்தச் சிறுநீரகத்துக்குள் மருத்துவர் எதைத் தேடுகிறார் என்று பார்ப்போம். இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. உள்ளங்கையில் அடங்கும், பதினோரு சென்டிமீட்டர் நீளமுள்ள உறுப்புக்கு இது மிகப் பெரிய அளவு. கட்டியை வெட்டும்போது ரத்தம் பீறிடாமல் இருக்க, சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியைக் கிளாம்ப் என்ற இடுக்கியைப் போட்டுச் சிறிது நேரம் அடைத்து வைப்பார்கள். அடைத்த நொடியிலிருந்து சிறுநீரகம் பட்டினி கிடக்கிறது. 25 நிமிடத்துக்குள் வேலையை முடித்துக் கிளாம்பை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் பொதுவாக மருத்துவர்கள் மனதில் வைத்திருக்கும் கெடு. அந்த நேரத்துக்குள் கட்டியில் சிறிதும் மிஞ்சாமல் வெட்டி, சிறுநீர் சேரும் பை திறந்திருந்தால் அதைத் தைத்து, ரத்தக் குழாய்களை மூடி, மீதியைச் சேர்த்துத் தைக்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கும் வேலை இல்லை இது.

சிறுநீரகத்துக்குள் நுழையும் தமனி கிளை கிளையாகப் பிரிகிறது. ஒரு கிளை நின்றுபோனால் பக்கத்துக் கிளை அந்தப் பகுதிக்கு ரத்தம் கொடுக்காது. நமது ஏரிப் பாசனத்தில் கடைசி வாய்க்காலுக்கு வேறு வழியாகத் தண்ணீர் வராததைப் போல. எந்தக் கிளை கட்டிக்குப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், தலைவாய்க்காலை அடைக்காமல் அந்த ஒரு கிளையை மட்டும் அடைக்க முடியுமா என்று மருத்துவர் யோசிக்கலாம். கட்டி வெளியே எவ்வளவு புடைத்திருக்கிறது, உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது, சிறுநீர்ப் பாதையைத் தொடுகிறதா, பெரிய சிரைக்கும் அதற்கும் இடையில் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்பவையும் முன்பே தெரிந்தாக வேண்டும். இவை எல்லாம் ஸ்கேனிலேயே இருக்கின்றன. நூற்றுக்கணக்கான கறுப்பு வெள்ளைப் படங்களாக, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. அனுபவம் உள்ள மருத்துவர் அவற்றைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, மனதுக்குள்ளேயே உருவத்தைக் கட்டிக்கொள்வார். அந்த மனக்கட்டுமானத்தை வெளியே எடுத்து, திருப்பிப் பார்க்கும்படி, குழுவில் உள்ள எல்லோரும் ஒரே உருவத்தைப் பார்க்கும்படி வைப்பதுதான் மாதிரி. ஸ்கேனில் இல்லாத புதிய செய்தி எதுவும் மாதிரியில் வராது. இதை உங்கள் சொந்தக்காரர்களிடமும் சொல்லுங்கள். கட்டி புற்றுநோயா இல்லையா என்பதையும் மாதிரி சொல்லாது.

இப்போது ஃபிலிம். நம் ஊரில் ஸ்கேன் என்றாலே பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரும் அந்தக் கறுப்புத் தாள்தான் என்று நினைக்கிறோம். பஸ்ஸில் மடங்காமல் மடியில் வைத்துக்கொண்டு வருகிறோம். அந்தத் தாளில் இருப்பது சில பத்துப் படங்கள். சாட்சிக்காகத் தேர்ந்தெடுத்து அச்சடித்தவை. கருவி எடுத்த முழுத் தகவலும் டைகாம் என்ற வடிவத்தில் கோப்புகளாக இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. முதல் சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கி, 1979-ல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அந்த எண்களை அழைக்கிறோம். தண்ணீருக்கு 0, காற்றுக்குக் கழித்தல் 1000, கொழுப்பு பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, எலும்பு பல நூறுகளுக்கு மேலே. மாதிரியைக் கட்டுவது இந்த எண்களிலிருந்துதான். தாளில் எண் இல்லை, வெறும் நிழல்தான் இருக்கிறது. ஆகவே எந்த ஸ்கேன் மையத்துக்குப் போனாலும் ஃபிலிமோடு நிற்காமல் குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். "மெல்லிய துண்டுப் படங்களையும் சேர்த்துப் பதிந்து கொடுங்கள்" என்று சொல்லுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல மையங்கள் தடித்த துண்டுப் படங்களை மட்டும் சேமித்துக்கொண்டு மெல்லியவற்றைச் சில நாட்களிலோ வாரங்களிலோ அழித்துவிடுகின்றன. அழித்தபின் திரும்ப வராது.

மெல்லியது, தடித்தது என்றால் என்ன? ஒரு மாம்பழத்தை மேலிருந்து கீழாக வட்ட வட்டமாக நறுக்கி, அதே வரிசையில் திரும்ப அடுக்கினால் பழத்தின் உருவம் வந்துவிடும். ஸ்கேனும் அப்படித்தான். ஆனால் ஒரு வேறுபாடு: ஸ்கேனில் ஒரு துண்டின் தடிமன் முழுவதற்கும் சேர்த்து ஒரே சராசரி எண்தான் கிடைக்கும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுக்குள் 2 மில்லிமீட்டர் தமனி குறுக்காக ஓடினால், அதன் பிரகாசம் சுற்றியுள்ள கொழுப்போடு கலந்து மங்கிவிடும். 1 மில்லிமீட்டருக்குக் கீழே எடுத்தால் அது தனிக்கோடாகத் தெரியும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில், வெளியூர் மையம் ஒன்றில் 5 மில்லிமீட்டர் துண்டுகளாக எடுத்த ஸ்கேனை வைத்து ஒரு சிறுநீரக மாதிரி செய்து கொடுத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் பெருந்தமனியிலிருந்து சிறுநீரகத்தின் அடிப்பகுதிக்குத் தனியாகப் போகும் மெல்லிய தமனி ஒன்று அதில் இல்லை. அப்படிக் கூடுதல் தமனி ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கு இருக்கும், அபூர்வம் இல்லை. அறுவைக்கு முந்தைய நாள், மருத்துவர் பழக்கத்தின்படி மூலப் படங்களைத் தள்ளிப் பார்த்தபோது ஓர் இடத்தில் நிறம் சற்று மாறுவதைக் கண்டு நிறுத்தினார். "இது என்ன?" என்றார். மறுபடி மெல்லிய துண்டாக ஸ்கேன் எடுத்தோம், தமனி இருந்தது. பிரதான தமனியை மட்டும் அடைத்துவிட்டு வெட்டியிருந்தால் அந்தக் குழாயிலிருந்து ரத்தம் கொட்டியிருக்கும். அன்றிலிருந்து தடித்த துண்டுகளை வைத்து நான் ரத்தக் குழாய் வரைவதில்லை. மாதிரி செய்தாலும் மூலப் படத்தைப் பார்க்காமல் கத்தியை எடுக்கும் மருத்துவரோடு நான் வேலை செய்ய விரும்புவதும் இல்லை.

உங்கள் மருத்துவர் புதிய ஸ்கேன் கேட்டதற்கு இதைவிட முக்கியமான இன்னொரு காரணமும் இருக்கலாம். வயிற்று வலிக்கு எடுக்கும் ஸ்கேனில், கான்ட்ராஸ்ட் மருந்து (ரத்தக் குழாய்களையும் உறுப்புகளையும் படத்தில் பளிச்சென்று காட்ட ஊசியில் ஏற்றும் மருந்து) ஏற்றியிருந்தாலும், பெரும்பாலும் ஒரு கட்டத்தில் மட்டுமே படம் எடுப்பார்கள். சிறுநீரக அறுவைக்கு அது போதாது. ஊசி போட்டு அரை நிமிடத்துக்குள் எடுத்தால் தமனிகள் பளிச்சென்று தெரியும். ஒன்றரை நிமிடம் கழித்து எடுத்தால் சிறுநீரகத் திசு முழுவதும் ஒரே சீராகப் பிரகாசித்து, கட்டி அதிலிருந்து பிரிந்து நிற்கும். ஐந்து முதல் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் மருந்து சிறுநீரோடு இறங்கிப் பாதையை நிரப்பிக் காட்டும். மாதிரிக்கு இந்த மூன்றும் வேண்டும். மூன்றுக்கும் இடையில் நோயாளி மூச்சு விடுகிறார். மூச்சோடு சிறுநீரகம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் நகர்கிறது. முதல் படத்தின் தமனியையும் இரண்டாம் படத்தின் கட்டியையும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே வைத்தால், தமனி கட்டிக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்துவதில்தான் என் நேரம் அதிகம் போகிறது. உங்களால் ஆகும் உதவி ஒன்று உண்டு. ஸ்கேன் எடுக்கும்போது "மூச்சைப் பிடியுங்கள்" என்று சொன்னால், மூன்று முறையும் அப்பா ஒரே அளவு மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒருமுறை நெஞ்சு விரிய இழுத்துவிட்டு மறுமுறை அரைகுறையாக விடக்கூடாது. வீட்டிலேயே இரண்டு நாள் பழக்கிவிட்டு அழைத்துச் செல்லுங்கள்.

அதோடு, ஸ்கேனுக்கு முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றாலோ, முன்பு ஏதாவது ஊசிக்கு ஒவ்வாமை வந்திருக்கிறது என்றாலோ மறக்காமல் சொல்லுங்கள். பழைய ஸ்கேனின் குறுந்தகட்டையும் கொண்டுபோங்கள். ஒருவேளை அதுவே போதும் என்று தெரிந்தால் இன்னொரு முறை கதிர்வீச்சுப் படவேண்டியதில்லை.

ஓசூர் நண்பரைப் பற்றிக் கேட்டீர்கள். ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழில் நடக்கிற இடத்தில் நல்ல அச்சு இயந்திரங்களும் நல்ல கைகளும் இருக்கின்றன. அவருடைய நல்லெண்ணத்தையும் நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அச்சிடுவது இந்த வேலையின் கடைசிப் படி, எளிய படியும் கூட. கடினமான படி அதற்கு முன்னால் இருக்கிறது: எந்தப் புள்ளி சிறுநீரகம், எந்தப் புள்ளி கட்டி, எது தமனி, எது சிரை என்று ஒவ்வொரு படத்திலும் பிரித்துக் குறிப்பது. ஸ்லைசர் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். எலும்பாக இருந்தால் 'இந்த எண்ணுக்கு மேலே உள்ளதெல்லாம் எலும்பு' என்று சொன்னால் போதும், நிமிடத்தில் எலும்புக்கூடு எழுந்து நிற்கும். ஆனால் எலும்பிலேயே அது எப்படித் தவறும் என்பதற்கு நம் மாவட்டங்களைத் தவிர வேறு உதாரணம் தேவையில்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது நமக்குத் தெரியும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு பல்லில் பழுப்புக் கறை இல்லாத பிள்ளையைப் பார்ப்பதே சில கிராமங்களில் கடினம். பல்லோடு நிற்காமல் எலும்புக்குள் இறங்கியவர்களும் உண்டு. பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரின் முதுகெலும்பு மாதிரியை நான் செய்தேன். அவரால் கழுத்தைத் திருப்ப முடியாது, கால்கள் மரத்துப்போயிருந்தன. மென்பொருளிடம் வழக்கமான எண்ணைக் கொடுத்தபோது, தனித்தனி முள்ளெலும்புகளுக்குப் பதிலாக ஒரே தூண் எழுந்தது. எலும்புகளைக் கட்டிவைக்கும் தசைநார்களே சுண்ணாம்பேறி எலும்பாகிவிட்டிருந்தன. எலும்பு எங்கே முடிகிறது, இறுகிய நார் எங்கே தொடங்குகிறது என்று இயந்திரத்துக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, படம் படமாகக் கையால் பிரித்தேன். பக்கத்தில் கதிரியக்க மருத்துவர் உட்கார்ந்து சரி பார்த்தார். அறுவை மருத்துவருக்கு வேண்டியது எலும்பின் வெளித்தோற்றம் இல்லை. தண்டுவடம் ஓடும் குழி எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கப்பட்டிருக்கிறது என்பதே. அதனால் மாதிரியை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, தேங்காய் மூடியைப் போலத் திறந்து பார்க்கும்படி அச்சிட்டேன். மூன்றாம் கழுத்தெலும்புக்கும் ஐந்தாவதுக்கும் இடையில் அந்தக் குழி என் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. அறுவை மருத்துவர் விரலால் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, முதலில் நினைத்திருந்ததைவிட ஒரு எலும்பு கீழே வரை திறக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

நண்பருக்குத் தெரியாத இன்னொரு ஆபத்தும் உண்டு. மென்பொருளுக்கு மென்பொருள் இடம், வலம் குறிக்கும் முறை மாறுகிறது. கோப்பை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கண்ணாடியில் தெரிவதுபோல உருவம் புரண்டுவிடலாம். வலது சிறுநீரகம் இடது சிறுநீரகமாக அச்சாகி வந்தால், பார்ப்பவர் கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாது. நான் செய்யும் ஒவ்வொரு மாதிரியிலும் 'வ' அல்லது 'இ' என்ற எழுத்தைப் புடைப்பாகப் பதித்த பிறகே அச்சுக்கு அனுப்புகிறேன். அந்த எழுத்தையும் மூலப் படத்தோடு இன்னொருவர் ஒத்துப் பார்க்க வேண்டும். குறுந்தகட்டில் அப்பாவின் பெயரும் வயதும் மருத்துவமனை எண்ணும் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளியாட்களிடம் கொடுப்பதற்கு முன் அவற்றை நீக்க வேண்டும்.

செலவு பற்றிய சொந்தக்காரர்களின் சந்தேகத்துக்கு வருகிறேன். மாதிரி என்றால் கையில் பிடிக்கும் பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. திரையில் சுழற்றிப் பார்க்கும் மாதிரியும் மாதிரியே. 2019-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ரோபோ உதவியோடு கட்டியை மட்டும் அகற்றும் சிறுநீரக அறுவைக்கு வந்த 92 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான ஸ்கேனை மட்டும் பார்த்தும், மறு பகுதியினருக்கு அதோடு கணினி முப்பரிமாண மாதிரியையும் பார்த்தும் மருத்துவர்கள் திட்டமிட்டார்கள். மாதிரி பார்த்துத் திட்டமிட்டவர்களிடம் அறுவை நேரமும் ரத்த இழப்பும் கிளாம்ப் போட்ட நேரமும் குறைவாக இருந்தன. அந்த மாதிரி அச்சிடப்பட்டது அல்ல. சிறிய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது. ஆகவே மருத்துவரிடம், "திரையில் பார்க்கும் மாதிரி போதுமா, அச்சிட்டே ஆக வேண்டுமா? அச்சிட்டால் அதனால் உங்கள் திட்டத்தில் எது மாறும்?" என்று கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அதற்கான தொகை தனியாகவா, அறுவைக் கட்டணத்தோடு சேர்ந்ததா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அச்சிட்ட பொருள் தன் விலைக்கு முழுதாக உழைக்கும் இடங்கள் வேறு. தொப்பூர் கணவாயில் லாரி மோதி இடுப்புக் கிண்ணம் நொறுங்கி வருபவர்களை நினைத்துப் பாருங்கள். நொறுங்காத பக்கத்தைக் கணினியில் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டு, உலோகத் தகட்டை அதன்மேல் வைத்து அறுவைக்கு முன்பே வளைத்து வைத்துவிடலாம். மேசையில் நோயாளியைத் திறந்து வைத்துக்கொண்டு தகட்டை வளைத்து வளைத்துப் பார்க்கும் நேரம் மிச்சமாகிறது. வாய்ப்புற்றுநோயில் தாடை எலும்பை அகற்றிவிட்டுக் காலெலும்பிலிருந்து புதுத் தாடை கட்டும்போதும் அப்படியே. பிறவியிலேயே இதயக் கோளாறுள்ள குழந்தையின் நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரிய இதயத்தில், எந்த அறையிலிருந்து எந்தக் குழாய் புறப்படுகிறது என்று பார்க்கவும் கைமாதிரி பெரிய உதவி; அதைப் பெரிதாக்கியும் அச்சிடலாம். கல்லீரல் தானத்தில் எவ்வளவு வெட்டினால் எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்குக்குத் திரையே போதும்.

மாதிரிக்காகக் காத்திருப்பதைப் பற்றி உங்களுக்குப் பயம் இருக்கலாம். ஒரு சிறுநீரகத்தைப் பிரித்தெடுக்க எனக்கு நான்கைந்து மணி நேரம், சரிபார்க்க இன்னொருவருக்கு ஒரு மணி நேரம், அச்சிட்டால் மேலும் ஓர் இரவு. சில நாள் வேலைதான். இப்படிப்பட்ட கட்டிகளில் பெரும்பாலானவை மெதுவாக வளர்பவை; மாதிரிக்காகச் சில நாள் பொறுப்பது வேறு, பயந்துகொண்டு மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது வேறு. எத்தனை நாள் பொறுக்கலாம் என்பதை மருத்துவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதிரி தயாரானதும் அதை அப்பாவுக்குக் காட்டச் சொல்லுங்கள். போன ஆண்டு ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயி ஒருவர் தன் சிறுநீரக மாதிரியைக் கையில் வாங்கினார். சிவப்பு தமனி, நீலம் சிரை, மஞ்சள் கட்டி என்று நான் விளக்கினேன். இந்த நிறங்கள் நான் பூசியவை, உள்ளே அப்படி இருக்காது என்றும் சொன்னேன். அவர் கட்டியின் மேல் கட்டைவிரலை வைத்து, அது உள்ளே இறங்கும் இடம் வரை மெல்ல அழுத்திக்கொண்டு போனார். பிறகு, "இவ்வளவு ஆழமா? அப்படியென்றால் முழுசும் எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம், இல்லையா?" என்று மருத்துவரைக் கேட்டார். மூன்று வாரமாக வீட்டில் யாரும் அவரிடம் சொல்லத் துணியாத விஷயம் அது. மருத்துவர் ஆம், வரலாம் என்றார். எந்த நிலையில் அப்படி முடிவெடுப்பார் என்பதை அந்த மாதிரியிலேயே தொட்டுக் காட்டினார். அதன் பிறகுதான் அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பழைய ஸ்கேன் எடுத்த மையத்துக்கு நாளைக்கே போங்கள். மெல்லிய துண்டுப் படங்கள் இன்னும் அழிக்கப்படாமல் இருக்கலாம்.